மரம் அவருடையது, சருகு என்னுடையது

கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தது எண்பதுகளின் கடைசியில். மனையை விற்றவர் என் கணவரிடம், "தங்கமான மண்ணு சார். எது வச்சாலும் வரும்" என்று சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. எந்தச் செடியை வைத்தாலும் ஒரே வாரத்தில் கையோடு வந்தது, வேரோடு.

தோண்டிப் பார்த்தால் அரை அடிக்குச் சரளை. அதற்குக் கீழே, வீடு கட்டிய மேஸ்திரி எங்களுக்குச் சொல்லாமல் புதைத்துவிட்டுப் போன செங்கல் துண்டுகள், கல்லாய் இறுகிய சிமெண்ட், ஒரு முழு ரப்பர் செருப்பு. கறிவேப்பிலைக் கன்றை மூன்று தடவை வைத்தேன். மூன்றாவது தடவை ஜி.எஸ்.டி. ரோட்டு நர்சரிக்காரர் கன்றைக் கையில் கொடுக்கும்போதே அதை ஒரு மாதிரி பார்த்தார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் அப்படிப் பார்ப்பதுண்டு.

பக்கத்து வீட்டில் ஒரு சார் இருந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நிர்வாகம் செய்தே பழகிய மனிதருக்கு வீட்டில் மனைவி ஒருத்தி மட்டும் போதவில்லை. ஆகவே எங்கள் தெருவையும் சேர்த்து நிர்வகித்து வந்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தலைவர் என்று ஒருவர் இருந்ததாகக் கேள்வி. நான் பார்த்ததில்லை.

அவர் வீட்டில், எங்கள் மதிலை ஒட்டி, பெரிய வாதாம் மரம் ஒன்று நின்றது. வேர் அவர் பக்கம், கிளையில் பாதி எங்கள் பக்கம். காய் அவர் பக்கம் விழுந்தால் அவருடையது. எங்கள் பக்கம் விழுந்தாலும் அவருடையதுதான், மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொள்வார். சருகு மட்டும் எங்கே விழுகிறதோ அந்த வீட்டுக்குச் சொந்தம். வாதாம் இலை ஒவ்வொன்றும் சாப்பிடுகிற தட்டு அளவு. தை, மாசியில் சிவந்து கொட்ட ஆரம்பித்தால் வாசல் தெரியாது.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா காலையிலும் மாலையிலும் குனிந்து பெருக்குவார். பெருக்கிக் குவித்ததும் சார் வருவார், தீக்குச்சியோடு. வேலையில் அவர் பங்கு அது. நான் சைதாப்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். மாலை மின்சார ரயிலில் தொங்காத குறையாக வந்து இறங்கி வீட்டை அடையும் நேரமும் அவர் தீ வைக்கும் நேரமும் ஒன்று. கொடியில் காயும் என் புடவைகள் எல்லாம் ஹோமத்தில் உட்கார்ந்து எழுந்த வாசனையோடு இருக்கும். ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"புகை நல்லதும்மா. கொசு அண்டாது" என்றார்.

தாம்பரத்துக் கொசுக்களுக்கு இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

அந்த நாளில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வானொலியில் விவசாயிகளுக்கான பேச்சு ஒன்று வந்தது. ஓர் அம்மாள் பேசினார். சருகை எரிப்பது பாவம், வெறும் சருகையே குவித்து வைத்தால் அது மக்கி, எந்த மண்ணையும் சீராக்கும் என்றார். "இதற்கு முக்கியமாகச் செய்ய வேண்டியது என்னவென்றால்" என்று அவர் ஆரம்பித்தபோது குக்கர் கூவியது. நாலு விசில். அது அடங்கியதும் அந்த அம்மாள் நன்றி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முக்கியமானது தவிர எல்லாம் தெரிந்துவிட்டதால் உடனே வேலையைத் தொடங்கினேன். வீடு கட்டியபோது மிஞ்சிய நாலு சவுக்குக் கம்பை மதிலோரம் சதுரமாக நட்டு, சுற்றிலும் கோழி வலை கட்டினேன். கணவர் மறைமலை நகரில் ஓர் உதிரி பாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். வந்தவர் கூண்டைச் சுற்றிப் பார்த்தார்.

"கோழி எங்க?"

"கோழி இல்ல. சருகு போடறதுக்கு. மக்கு உரம் பண்ணப் போறேன்."

"மக்கு உரமா?" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "யார் கண்டுபிடிச்சாங்களோ, பண்றவங்களுக்குப் பொருத்தமா பேர் வச்சிருக்காங்க."

எங்கள் பக்கத்துச் சருகு மட்டும் போதாது. மதிலருகே போய் நின்றேன்.

"சார், இனிமே சருகை எரிக்காதீங்க. எனக்குக் குடுத்துடுங்க."

"எதுக்கும்மா?"

"உரத்துக்கு."

சார் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு மானியத்தை எழுதிக்கொடுக்கும் ராஜாவைப் போல, "தாராளமா எடுத்துக்கோம்மா. உனக்கு இல்லாததா?" என்றார். அன்று முதல் அக்கா குவித்த சருகு கூடை கூடையாக மதிலுக்கு மேலாக என் கூண்டுக்குள் விழுந்தது. தீக்குச்சி வேலை போனதில் சாருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கும். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தெரு பெருக்க வரும் அம்மாள் மூன்றாம் நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, நான் குப்பைய வெளிய தள்ளிக்கினுகீறேன், நீ வூட்டுக்குள்ள இஸ்துக்கினு போறே?"

சொன்னேன்.

"அய்ய, இத மின்னாடியே சொல்லக் கூடாதா? நாலு தெரு சருகு கீது. அல்லாத்தையும் இங்கியே கொட்டிட்டுப் போறேன். எனக்கும் அம்மாந்தூரம் தூக்கினு போற பேஜார் வுட்டுது."

சொன்ன சொல் தவறாதவள். வாரத்தில் மூன்று நாள் சாக்கு சாக்காக வந்தது. சருகோடு பிஸ்கட் உறை, ஒற்றை வளையல், உடைந்த பொம்மையின் கால், ஒரு செத்த எலி என்று நாலு தெருவின் வாழ்க்கை வரலாறும் வந்தது. நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைக் கூண்டில் மிதித்து அமுக்கினேன். பங்குனி பிறப்பதற்குள் கூண்டு என் தோள் உயரம் ஆயிற்று.

பிறகு எதுவும் நடக்கவில்லை.

ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. அலுவலகத்திலிருந்து வந்ததும் காப்பி கூடக் குடிக்காமல் கூண்டுக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். சருகு பொரித்த அப்பளம் போல நொறுங்கியது. மக்குவதற்கான உத்தேசமே அதற்கு இல்லை. "உன்னைவிட அது புத்திசாலியா இருக்கு" என்றார் கணவர். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு நாள் கூண்டின் மூலையில் வலை கிழிந்து சருகு சரிந்திருந்ததைச் சரி செய்யக் குனிந்தேன். அந்த மூலைக்கு அருகில்தான் சமையலறையில் அரிசி கழுவும் தண்ணீர் வெளியே வரும் குழாய். அங்கே இருந்த சருகு மட்டும் கறுத்து, மெத்தென்று, விரலில் பிய்ந்து வந்தது. குக்கர் கூவியபோது வானொலி அம்மாள் சொன்ன முக்கியமான விஷயம் என்னவென்று அப்போதுதான் விளங்கியது. ஈரம்.

இந்த ஞானம் எனக்கு உதித்த மாதம் மே. கிணற்றில் தண்ணீருக்குப் பதில் தவளை உட்கார்ந்திருந்தது. தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு முறை வரும், வருவேன் என்று சொன்ன நாளைத் தவிர மற்ற நாட்களில். தெருவே குடத்தோடு ஓடும். அந்தத் தெருவில் ஒருத்தி குப்பைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் எப்படி இருக்கும்? அரிசி கழுவிய தண்ணீர், பருப்பு கழுவியது, காய் கழுவியது, எல்லாவற்றையும் ஒரு வாளியில் சேர்த்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து ஊற்றினேன். சார் மொட்டைமாடியில் இருந்தார்.

மறுநாள் கையில் காகிதத்தோடு வந்தார். "சங்கத்துக்கு ஒரு புகார் வந்திருக்கும்மா."

"யார் சார் குடுத்தது?"

"அதைச் சொல்றது முறையில்ல."

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். நாள் தவறாமல் எங்கள் வீட்டு வாசலில் சங்கத்து அறிவிப்பு ஒட்டுகிறவரின் அதே சாய்ந்த கையெழுத்து. புகார் கொடுத்தவர் அவர், பெற்றுக்கொண்டவர் அவர், இப்போது விசாரணைக்கு வந்திருப்பவரும் அவர்தான். எங்கள் சங்கத்தைப் போல வேகமாக வேலை செய்த இடத்தை நான் அரசாங்கத்தில் பார்த்ததில்லை.

வாளியைக் காட்டினேன். "அரிசி கழுவின தண்ணி சார். குடிக்கிற தண்ணி இல்ல."

குனிந்து பார்த்தார். "இதை மாட்டுக்கு வைக்கலாமே?"

"மாடு இல்லையே சார்."

"அப்படியா" என்று அதையும் காகிதத்தில் குறித்துக்கொண்டு போனார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு வாளிக்கு வேலை இல்லை. தோள் உயரக் குவியல் இடுப்புக்கு வந்து, முழங்காலுக்கு இறங்கியது. பதிலுக்கு மரவட்டைகள் கிளம்பின. ஊர்வலமாகச் சமையலறைக்குள் வந்து, மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. ஒன்று கணவரின் ஷூவுக்குள் தங்கி அவரோடு மறைமலை நகர் வரை போய் ஷிப்டும் பார்த்தது. அன்று வீட்டுக்கு வந்து அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. கூண்டுக்குள் பாம்பு இருக்கிறது என்று தெருவில் பேச்சு பரவியதும் அந்த மாதத்தில்தான். பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் நீளம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கூண்டைப் பிரித்துவிடும்படி சங்கம் உத்தரவு போடப் போகிறது என்று அக்காவே மதிலுக்கு மேலாக என்னிடம் ரகசியம் சொன்னார். பொங்கல் கழியட்டும் என்று சார் காத்திருந்தாராம். நல்ல மனிதர், பண்டிகையில் யார் மனதையும் நோகடிக்க மாட்டார்.

பொங்கல் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை அக்காவின் தோடு காணாமல் போயிற்று. எட்டுக்கல் தோடு, ஒரு காதில் இருந்தது மட்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் தலை வாரும்போதுதான் பார்த்திருக்கிறார். வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. காலையில் குனிந்து குனிந்து சருகு கூட்டினாரே, அதில் விழுந்திருக்கும் என்று சார் முடிவு செய்தார். அந்தச் சருகு என் கூண்டில் இருந்தது.

"மேலாக இருக்கும் சார், நான் பார்க்கறேன்" என்றேன்.

"கல் வச்ச தோடும்மா. கனம். அடிக்குப் போயிருக்கும். எல்லாத்தையும் எடுத்துத்தான் ஆகணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தெருவில் பாதி என் தோட்டத்தில் நின்றது. மண்வெட்டி, முறம், மணல் சலிக்கும் பெரிய சல்லடை எல்லாம் வந்தன. அக்கா அழுதழுது முகம் வீங்கிப் படியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சார் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி வரவழைத்து நிழலில் போட்டு உட்கார்ந்தார். "நீ அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம்" என்று கையை நீட்டினார்.

கூண்டைப் பிரித்தார்கள். மேலே இருந்த சருகைக் கிளறி ஒரு பக்கம் தள்ளினார்கள். நடுவே இருந்ததை உதறி இன்னொரு பக்கம் போட்டார்கள். அடியில் இருந்ததைச் சல்லடையில் வாரிப் போட்டு இரண்டு பேர் பிடித்துச் சலித்தார்கள். உரக் குவியலை அவ்வப்போது புரட்டிவிட வேண்டும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பத்து மாதத்தில் ஒரு தடவை கூட நான் புரட்டியதில்லை, இடுப்பு இடம் கொடுக்கவில்லை. இப்போது அக்கம்பக்கத்தார் கூலியில்லாமல், வியர்வை சிந்தி, ஒரு பிடி விடாமல் புரட்டிச் சலித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எல்லோருக்கும் மோர் கொடுத்தேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வதுதான் சிரமமாக இருந்தது.

பாம்பு இல்லை. மூன்று தவளைகள் இருந்தன. எங்களோடு குனிந்து கிளறிக்கொண்டிருந்த தெரு பெருக்கும் அம்மாள் திடீரென்று கத்தினாள்.

"யம்மா, இங்க வந்து பாரேன்!"

தோடு என்று எல்லோரும் ஓடினோம். அவள் இரண்டு கையிலும் அள்ளிக் காட்டினாள். "காப்பித்தூளு மாரி கீது பாரு. நான் கொட்டுன குப்பையா இது?"

கறுப்பாக, உதிரியாக இருந்தது. இலை என்று அடையாளமே இல்லை. முதல் மழை பெய்தவுடன் எழும்புமே, அந்த வாசனை. ஒவ்வொருவராக வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். சாரும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து ஒரு பிடி எடுத்தார். முகர்ந்தார், விரலில் தேய்த்தார், மறுபடி முகர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

பிறகு, "கை துடைக்கத் துண்டு கொண்டு வா" என்றார் மனைவியிடம். காலையிலிருந்து அவர் கையில் பட்ட அழுக்கு அந்த ஒரு பிடிதான், இருந்தாலும் அக்கா எழுந்து போனார். கொடியில் துண்டு இல்லாமல் துவைக்கப் போட்டிருந்த கூடையில் கை விட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை தலைக்குச் சுற்றிய துண்டு. அதன் நூலில் மாட்டிக்கொண்டு தொங்கியது தோடு.

மண்வெட்டியோடு நின்றவர்கள் சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். சார், "நான் அப்பவே நினைச்சேன், வீட்டுக்குள்ளதான் இருக்கும்னு" என்றார். உத்தரவு பற்றி அதன் பிறகு பேச்சு இல்லை. பிரிக்க வேண்டிய கூண்டைத்தான் அவரே ஆள் வைத்துப் பிரித்தாகிவிட்டதே.

சலித்த உரத்தைச் சரளையில் குழி வெட்டிக் கொட்டினேன். நாலாவது கறிவேப்பிலைக் கன்று, மிளகாய், வெண்டை, ஒரு மல்லிக்கொடி. நர்சரிக்காரர் கன்றைக் கொடுக்கும்போது வழக்கம் போல விடை கொடுக்கும் முகத்தோடுதான் கொடுத்தார். அந்தக் கோடையிலும் கிணறு வற்றியது, லாரி ஏமாற்றியது. ஆனால் செடிக்கு ஒரு சொம்பு ஊற்றினால் இரண்டு நாளைக்கு மண்ணில் ஈரம் நின்றது. விரலை விட்டால் ஜில்லென்று இருக்கும். கறிவேப்பிலை துளிர்த்தது. தாளிப்பதற்கு ஒரு கொத்து கேட்டுத் தெருவில் பலரும் வர ஆரம்பித்தார்கள். பாம்பின் நீளத்தைச் சொன்னவர்கள்தான் முதலில் வந்தார்கள்.

கூண்டை நான் மறுபடி கட்டிவிட்டேன், ஆனால் இதற்கிடையில் மதிலுக்கு மேலாகச் சருகு வருவது நின்றிருந்தது.

"சார், சருகு?" என்று கேட்டேன்.

"அது நமக்கே தேவைப்படுதும்மா" என்றார். அவர் கொல்லையில் சிமெண்டில் ஒரு தொட்டி எழும்பியிருந்தது. என்னைப் போல அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை அவர். சீக்கிரம் மக்க வேண்டும் என்று சருகோடு யூரியா போட்டார், சாணி போட்டார், மிச்சமான சாம்பார், ஊசிப்போன இட்லி மாவு, மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்த்தார். நாற்றம் வந்தது. நாற்றத்துக்கு ஃபினாயில் ஊற்றினார். சாம்பாருக்குப் பெருச்சாளிகள் வந்தன. இதே சமயத்தில் சங்கக் கூட்டத்தில் மக்கு உரம் தயாரிப்பது பற்றி அரை மணி நேரம் பேசினார். முன் வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். தொட்டி பற்றிப் புகார்கள் போயின. இவற்றை அவரே எழுதவில்லை என்பதால் விசாரணை தாமதமாயிற்று.

அடுத்த மாசியில் ஒரு சாயங்காலம், எந்த அறிவிப்பும் இல்லாமல், ஒரு கூடைச் சருகு மதில் தாண்டி என் பக்கம் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா உதட்டில் விரல் வைத்துவிட்டு அடுத்த கூடையை எடுக்கப் போனார்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவில் எல்லோரும் மாடி எழுப்ப ஆரம்பித்தார்கள். சாரும் ஆரம்பித்தார். மாடிப்படிக்கு வாதாம் மரம் குறுக்கே நின்றது. "இனிமே உனக்குப் பெருக்கற வேலை மிச்சம்" என்று அக்காவிடம் சொன்னதை நானும் கேட்டேன். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

வெட்டியது ஒரே நாளில் முடிந்தது. கட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இலையும் சிறு கொப்பும் மலையாகக் கிடந்தன. மறுநாள் எனக்கு விடுமுறை. காலையில் கேட்டில் சத்தம் கேட்டுப் போனால், அக்கா ஒரு பழைய புடவையில் பச்சை இலைகளை மூட்டை கட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தார். மதிலுக்கு மேலாகப் போட்டிருக்கலாம். அன்று அவருக்கு அப்படிப் போட மனம் வரவில்லை போலும்.

"பச்சையா இருக்கு. மக்குமா?" என்றார்.

"மக்கும் அக்கா. ஆனா நாளாகும்."

"ஆகட்டும்."

அப்படி இரண்டு நாள் இழுத்தார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் கிண்டலாகச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. பிறகு வாரம் ஒரு முறை மாலையில் வந்து, என்னோடு சேர்ந்து குவியலைப் புரட்டிவிட்டுப் போவார். அவருடைய இடுப்பு என்னுடையதைவிட உறுதி, பதினைந்து வருடம் குனிந்த இடுப்பு.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. சலித்ததும் இரண்டு வாளி எடுத்துக்கொண்டார். புது மாடியில் உடைந்த தொட்டிகளில் நிரப்பிக் கனகாம்பரம் வைத்தார், கொத்துக் கொத்தாகப் பூத்தது. மாடிக்குக் குடிவந்தவர்களிடம் சார், "நம்ம சொந்தத் தயாரிப்பு உரம். ரொம்ப நாள் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது" என்று விளக்கிக்கொண்டிருந்ததை நான் துணி உலர்த்தும்போது கேட்டேன். அக்கா பூப் பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டதால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மரம் போன பிறகும் எனக்குச் சருகுக்குக் குறைவில்லை. தெரு பெருக்கும் அம்மாள் இன்னும் தள்ளியிருந்த தெருக்களிலிருந்து தூங்குமூஞ்சி மரத்து இலையைக் கொண்டுவந்து கொட்டினாள். பொடிப்பொடியான இலை, நாலே மாதத்தில் மக்கிவிடும். உண்மையைச் சொன்னால் வாதாமைவிட அதுதான் உரத்துக்கு நல்லது. அக்காவிடம் இதை மட்டும் நான் கடைசி வரை சொல்லவில்லை.